கோவளத்து ஏலக் குரல்

"தலையில அடிபட்டேன்னு சொல்றவன் பேச்சைக் கேக்காதே, அவன் வேலை செய்யறதைப் போய்ப் பாரு."

ஓய்வு பெற்ற நாளில் சீனியர் விசாரணை அதிகாரி ராஜாராம் சார் மேடையில் இப்படித்தான் ஏதோ பேசினார். அச்சு அசலாக ஞாபகமில்லை. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ரகசிய விசாரணை செய்யும் கிருபாகரனுக்கு, இன்று அந்தப் பேச்சு பலித்தேவிட்டது.

கோவளம் கடற்கரை. மீன் கூடைகளைச் சுற்றிக் கூட்டம். நடுவில் நின்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர் ஜெபகுமார். வேன் மோதி மூளையில் காயம், சற்றுமுன் நடந்ததுகூட நினைவில் நிற்பதில்லை, இனி ஏலத்தொழில் முடியாது என்று மனைவி நஷ்டஈடு கேட்டு மனு போட்டிருக்கும் அதே ஜெபகுமார்.

குரலா அது! அலைச் சத்தத்தையே அமுக்கியது.

"இன்னா பெஞ்சமினு, வஞ்சிரத்தை மத்தி வெலைக்குக் கேக்கற? வூட்டுல சோறு போடமாட்டாங்க."

கூட்டம் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் பெஞ்சமினுக்கு அதே கேலி மறுபடி விழுந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

கிருபாகரனுக்கு ஒரே சந்தோஷம். எல்லாம் போனில் பதிவாகிக்கொண்டிருந்தது. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியாமல், டாக்டர்களும் பிடிகொடுக்காமல், இழுத்தடித்த கேஸ். இந்த ஒரு வீடியோ போதும். 'மாட்டிக்கிட்டான் சார்' என்று மேலதிகாரிக்கு மெசேஜ்கூடத் தட்டிவிட்டார்.

ஏலம் முடிந்தது. மனைவி ஜெனிஃபர் வந்து ஜெபகுமாரின் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். அவர்கள் தலை மறையும்வரை ஒருவரும் கூடையைத் தொடவில்லை.

பிறகு பெஞ்சமின் நடுவில் வந்து நின்றான். அதே கூடைகளை முதலிலிருந்து ஏலம் விட ஆரம்பித்தான்.

கிருபாகரனுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற மீன்காரி பொன்னியிடம், இதெல்லாம் இப்போதுதானே ஏலம் போனது என்று கேட்டார்.

"அது அவருக்காவ வுடறது சார். யாரு இன்னா வெலை கேட்டாங்கன்னு அவருக்கு நெனப்பு நிக்காது. ஒரு கூடைய மூணு பேருக்குக் குடுத்துட்டு முழிப்பாரு. அதுக்குன்னு வூட்லயே குந்திகினு இருந்தா மனுசன் செத்துருவாரு. அதான் தெனம் மொதல்ல அவரு, அப்பால நெஜ ஏலம்."

அவள் கண் போன்மேல் விழுந்தது.

"படமா புடிக்கிற? புடி. ஆனா இந்த ரெண்டாவது ஏலத்தை மட்டும் அவர் கண்ணுல காட்டிடாத."

கிருபாகரன் இரண்டாவது ஏலத்தையும் முழுதாகப் படம்பிடித்து, இரண்டையும் சேர்த்து மேலதிகாரிக்கு அனுப்பினார். கேட்ட தொகையை அப்படியே தரலாம், ஜெபகுமாரை நேரில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம் என்று கீழே எழுதினார்.