வெண்டைக்காய் ரசிகர்கள்

பூச்சிகளின் பேச்சைத் தமிழில் சொல்லும் கருவியைத் தணிகாசலம்தான் வாங்கி மொட்டைமாடித் தோட்டத்தில் மாட்டினார். புழு எந்தச் செடியில் இருக்கிறதென்று தெரிந்துவிட்டால் அவர் மனைவி சுலோசனா நசுக்கிவிடலாம் அல்லவா?

மாதம் ஒன்றாகியும் ஒரு வெண்டைக்காய்கூடச் சமையலறைக்கு வரவில்லை. மேலே போய்ப் பார்த்தால் எல்லாக் காயிலும் ஓட்டை. சுலோசனாவோ கருவியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னா ருசி! வளர்த்த மகராசி கைக்குத் தங்க வளையல் போடணும்!" என்றது ஒரு புழு.

"இதுங்கள இன்னும் நசுக்காம என்ன பண்றே?" என்று கத்தினார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, சாப்பாடு நல்லாருக்குன்னு நீங்க ஒரு தடவையாவது சொல்லியிருக்கீங்களா?"

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்ததுமே தணிகாசலம் சொன்னார்: "ஊறுகாய் பிரமாதம்!"

"அது கடையில வாங்கினது," என்றபடி சுலோசனா மாடிக்குப் போனாள்.