மகள் ஊட்டிய கேசரி

லோகமணி காலையிலிருந்து சைக்கிள் மிதித்ததெல்லாம் சென்னையில் படுத்த படுக்கையாகக் கிடந்தபடி அவள் உடம்பை நாள் வாடகைக்கு எடுத்திருக்கும் ராகவேந்தருக்காக. கம்பெனிக்காரர்கள் கழுத்தில் உணர்வுப் பட்டையைக் கட்டிவிட்டால் அவள் உடம்புக்குத் தெரிவதெல்லாம் அவருக்கும் தெரியும். எங்கே போவதென்று காதுக்குள் சொல்வது அவர். போகமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை. கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றி, மலையேறி இறங்கி, நான்கு வகை ஒயினும் சுவைத்தாயிற்று. நாக்கு சுத்தமாக இருக்கவேண்டுமாம். அதனால் விடிந்ததிலிருந்து அவளுடைய பசிக்கென்று ஒரு வாய் சோறு உள்ளே போகவில்லை. பட்டையை ஆறு மணிக்கு அலுவலகத்தில்தான் கழற்றுவார்கள்.

திரும்பும் வழியில் அவள் தெரு வந்தது. மகள் நிதிலா புதுக் கவுனும் கிண்ணமுமாக வாசலில் நின்று சைக்கிளை மறித்தாள்.

"அம்மா, என் பொறந்தநாள் கேசரி. ஆ காட்டு!"

வேண்டாமென்று சொல்லத்தான் நினைத்தாள். வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. ஊட்டிய கையோடு பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமும் வைத்தது.

வேலை போயிற்று என்றே லோகமணி நினைத்தாள்.

"மன்னிச்சிருங்க சார். எம் மக... தெரியாம ஊட்டிருச்சு."

"இனிமே மலை, ஒயின் எல்லாம் வேண்டாம்மா." காதுக்குள் ராகவேந்தரின் குரல் கேட்டது. "நாளையிலேர்ந்து உங்க வீட்டுலயே, பாப்பாகிட்டயே இருக்கலாம். உங்களை மாசம் பூரா புக் பண்ணிட்டேன்."

லோகமணி, கழுத்தைச் சுற்றியிருந்த பிள்ளையின் கைகளை அவசரமாகப் பிரித்து எடுத்தாள்.

"ஏம்மா தள்ளிவிடுற?" என்றாள் நிதிலா.