கத்தரிக்காய் ஆகாதவர்

கத்தரிக்காய் வாளி வந்துகொண்டிருந்தது.

எதிர்க்கட்சிக்குப் போய்விட்ட நெடுநாள் சிநேகிதனைப் பார்ப்பதுபோல, அவர் அதைப் பார்த்தார்.

காயல்பட்டினத்துக் கல்யாணம். மூன்று பேருக்கு ஒரே சஹன், ஒரே பெரிய தட்டு. தெரிந்தவரோ தெரியாதவரோ, அதில்தான் கை வைக்க வேண்டும். நடுவில் ஆவி பறக்கும் நெய்ச்சோறு. பக்கத்தில் ஆட்டுக்கறிக் கிண்ணம்.

ஒரு காலத்தில் அடுத்தவர் பங்குக் கத்தரிக்காயையும் சேர்த்துத் தின்றவர் அவர்.

பிறகு ரத்தப் புற்றுநோய் வந்தது. யாரோ ஒருவர் கொடுத்த எலும்பு மஜ்ஜையை ஏற்றினார்கள். உயிர் திரும்பி வந்தது.

கத்தரிக்காய் திரும்பி வரவில்லை.

வீடு வந்து ஆசையாய் வைத்த முதல் வாயிலேயே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உங்க பழைய காவல்காரங்களை எல்லாம் அனுப்பிட்டோம். இப்ப உள்ள இருக்கிறது மஜ்ஜை கொடுத்தவரோட காவல்காரங்க. அவரோட பழைய பகையெல்லாம் அவங்களுக்கு ஞாபகம் இருக்கு. இதெல்லாம் எங்களுக்கே இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா விளங்குது."

கொடுத்தவர் யார் என்று மட்டும் சொல்ல முடியாது. பெயர் வேண்டாம் என்று அந்த மனிதரே சொல்லிவிட்டாராம்.

ஒரு நன்றி. கையைப் பிடித்து, ஒரே ஒரு தடவை. அதைச் சொல்லாமலே தான் கண்மூடி மவுத்தாகிவிட்டால்? நோயின்போதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

அந்த மனிதரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதை வைத்துத்தான் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்துவார்.

"யா அல்லாஹ், கத்தரிக்காய் ஆகாத அந்த நல்ல மனுஷருக்கு நீண்ட ஆயுளைக் கொடு."

மனைவி ஆமீன் சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். சிரிப்பு.

வாளி சஹனருகே வந்து நின்றது. வேண்டாம் என்று சொல்ல அவர் வாயெடுத்தார்.

அதற்குள் எதிரே இருந்த வெளியூர்த் தம்பி பதறிப்போய், தட்டின் மேல் இரண்டு கைகளையும் குடையாக விரித்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு இது ஆகாதுங்க. அரிக்கும்."

மாப்பிள்ளையோடு வேலை பார்ப்பவர். ஈரோட்டுப் பக்கம். அவ்வளவுதான் தெரியும்.

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

கேட்டுவிடலாம். ஒரே கேள்வி. தம்பி, நீங்க எப்பவாவது, யாருக்காவது...

நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

பெயர் வேண்டாம் என்றவர். வலக்கை கொடுத்ததை இடக்கைக்குத் தெரியாமல் வைத்தவர். அப்படிப்பட்டவரைப் பந்தியில் வைத்து, சோறும் கையுமாக, நாலு பேர் பார்க்க...

"தம்பி பேரு?" என்று ஆரம்பித்தான் பக்கத்தில் இருந்த மைத்துனன் நூஹு.

அவர் அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

பிறகு கிண்ணத்தைத் துழாவினார். ஒரே ஒரு நல்லி எலும்பு இருந்தது, உள்ளே மஜ்ஜை ததும்ப. அதை எடுத்துத் தம்பியின் பக்கம் வைத்தார்.

"உறிஞ்சிச் சாப்பிடுங்க. உடம்புக்கு நல்லது."

அடுத்து ஒரு தொடைத் துண்டு. அதற்கடுத்து இன்னொன்று. தம்பியின் பக்கம் கறி குன்றாய் உயர்ந்தது. போதுங்க, போதுங்க என்று தம்பி கெஞ்சிக்கொண்டே தின்றார்.

நூஹு தன் பக்கத்து வெறும் சோற்றைப் பார்த்தான். காதருகே குனிந்தான்.

"மச்சான், கத்தரிக்கா அரிக்குதுன்னு ஊர்ல பாதிப் பேர் சொல்லுவாங்க. அத்தனை பேருக்கும் இப்படிப் பொறுக்கிப் போடுவீங்களோ?"

இது அவருக்கு இதுவரை தோன்றவேயில்லை.

வாளி அடுத்த சஹனுக்குப் போனது.

"இங்கயும் வேணாம் வாப்பா. ராவெல்லாம் சொறியணும்" என்றது ஒரு குரல்.

அவர் திரும்பினார். பொக்கைவாய்க் கிழவர். எண்பதைத் தாண்டியிருக்கும்.

"மச்சான், அவருக்கு மஜ்ஜை கொடுக்கிற வயசா?" என்று நூஹு கையைப் பிடித்தான்.

அவர் கையை விடுவித்துக்கொண்டார். கிண்ணத்தில், பல்லுக்கு வேலை வைக்காத துண்டாகத் தேட ஆரம்பித்தார்.