பித்தளைக் குழாய்

பித்தளைக் குழாய்க்குள் கடைசி ஒயரையும் சொருகி, மூடியைத் திருகினான் தனசேகரன். பிறகு பேட்டரியை இணைத்தான்.

“இந்த நேரத்துல போலீசு இதப் பாத்தா இன்னான்னு நெனைக்கும்?” என்றாள் அவன் மனைவி மணிமொழி, அறைக்குள் வராமலே. “குண்டு செய்யுறீங்கன்னு தூக்கிக்கினு பூடுவாங்க.”

“மைக்குன்னு சொன்னா தெரிஞ்சிக்குவாங்க. நீ சும்மா பயப்படாத.” சொன்னானே தவிர, அவனுக்கும் பயம்தான்.

மூங்கில்துறைப்பட்டு ரோட்டோரம் அவனுடைய ரேடியோ ரிப்பேர் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அதில் ஓர் அறையைப் பாட்டு ரெக்கார்டிங்குக்கென்று ஒதுக்கி, சுற்றிலும் பழைய மெத்தைகளை நிறுத்தி, முன்னால் சணல் சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தான். கதவைச் சாத்திவிட்டால் வாசலில் பேசுவது உள்ளே கேட்காது.

மைக்கின் உயிரான பொட்டு போன்ற சாமானை மெட்ராஸிலிருந்து வாங்கி வந்தாகிவிட்டது. அதை எதற்குள் வைப்பது என்பதில்தான் திண்டாட்டம். பிளாஸ்டிக் பைப்பில் வைத்தால் கரண்ட் இரைச்சல் ‘ம்ம்ம்’ என்று கூடவே வந்தது. டார்ச் லைட் கூட்டில் வைத்தால் குரல் தகரமாகக் கணகணத்தது. கடைசியில், வயலுக்கு மருந்தடிக்கும் கைப்பம்பின் பித்தளைக் குழாயை அறுத்து, முன்பக்கம் டீ வடிகட்டியின் வலையைப் பொருத்தினான்.

ஸ்டாண்டில் நேராகத் திருகினால் தரையில் நடக்கிற அதிர்வெல்லாம் மைக்கில் ஏறியது. அதனால் ஒரு சல்லடை வளையத்தின் நடுவில், சைக்கிள் டியூப்பைப் பட்டை பட்டையாய் வெட்டி இழுத்துக் கட்டி, குழாயை அந்தரத்தில் தொங்கவிட்டான்.

சோதித்துப் பார்க்க இதைவிட அமைதியான நாள் கிடைக்காது. இட ஒதுக்கீட்டு மறியலில் ரோடெல்லாம் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. காலையில் பாலத்துப் பக்கம் கல்வீச்சும் தடியடியும் நடந்து, ஆளாளுக்கு ஒரு திக்காய்ச் சிதறி ஓடினார்கள். மறியலுக்குப் போன மணிமொழியின் தம்பி சின்னராசு இன்னும் வந்து சேரவில்லை.

தனசேகரன் கதவைச் சாத்திவிட்டு ஹெட்போனை மாட்டினான். இரைச்சல் இல்லை. அதிர்வு இல்லை. முதல்முறையாக மைக் சுத்தமாக இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் அந்த மூச்சுச் சத்தம் கேட்டது.

தன்னுடையதுதான் என்று நினைத்து மூச்சை அடக்கினான். அது நிற்கவில்லை. இழுத்து இழுத்து, பயந்த மாட்டின் மூச்சு போல வந்துகொண்டிருந்தது.

வளையத்தைக் கதவுப் பக்கம் திருப்பினான். சத்தம் குறைந்தது. மெல்ல மூலைப் பக்கம் திருப்பினான். காதுக்குள்ளேயே யாரோ மூச்சு விடுவது போலிருந்தது. கூடவே, இறுக்கமான தோல்வார் நெரிபடும் ‘கிறீச்’.

காலையில் அவன் கடையில் இருக்க, மணிமொழி தண்ணீர் பிடிக்கப் போனபோது பின்கதவு திறந்தேதான் கிடந்தது. மூலையில், சாக்குக்கும் மெத்தைக்கும் நடுவில் ஓர் ஆள் இருந்தான்.

கத்தலாமா, ஓடலாமா என்று புரியாமல் தனசேகரன் நிற்கும்போதே கதவு திறந்தது. மணிமொழிக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

“போலீசு வந்துக்கினு இருக்குதுங்க” என்றாள் கிசுகிசுப்பாக.

தனசேகரன் மூலையைப் பார்த்தான். சின்னராசு மாதிரி எவனோ ஒருத்தன், அடிக்குப் பயந்து வந்து புகுந்திருக்கிறான். பிடித்துக் கொடுத்தால் எலும்பு மிஞ்சாது. அறைக்கதவை இறுக்கிச் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரும் போலீஸ்காரர்கள் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டரின் நெற்றியில் கட்டு.

“காலையில இந்தப் பக்கமா ஒரு பையன் ஓடியாந்தான். இருவது வயசுக்கு மேல இருக்கும். பாத்தியா?”

“இல்லீங்க சார்.”

“மறைக்காதய்யா. அவனுக்கு அடிபட்டிருக்கு.” அவர் குரல் உடைந்து கரகரத்தது. “உள்ள யாரு?”

“நானும் சம்சாரமும்தாங்க.”

மணிமொழி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். உள்ளே வந்து பார்த்தால் குழாயும் தெரியும், ஆளும் தெரியும். தனசேகரன் வாசற்படியை மறைத்து நின்றான்.

சப்-இன்ஸ்பெக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கரும்புக் கொல்லையை வெறித்தார். “சரி, வாங்கய்யா. மணலூர்பேட்டை ரோட்டுல போய்ப் பாக்கலாம். இருட்டுறதுக்குள்ள கண்டுபிடிச்சாவணும்.”

வெட்டிப் போட்ட மரங்களைச் சுற்றி வளைந்து போன ஜீப்பின் சத்தம் தேய்ந்து மறையும்வரை தனசேகரன் வாசலிலேயே நின்றான். பிறகு அறைக்குள் போய், மூலையை விட்டு எட்டியே நின்று பேசினான்.

“தம்பி, நீ சின்னராசு கூட்டாளியா? பயப்படாத, வெளிய வா. போலீசு வந்துச்சி. யாரும் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

சாக்கு அசைந்தது. உள்ளேயிருந்து விம்மல் மாதிரி ஒரு சத்தம்.

அதற்குள் வாசலிலிருந்து மணிமொழி ஓடிவந்தாள். “கரும்புக் கொல்லைப் பக்கமா கும்பலா வர்றாங்க. கையில கழி கட்டையெல்லாம் இருக்குது. வூடு வூடா பூந்து யாரையோ தேடிக்கினு வர்றாங்க.”

சாக்குக்குப் பின்னாலிருந்து நடுங்கும் குரல் வந்தது.

“நானும் போலீசுதாண்ணே.”