மறுவீட்டுச் சொதி

"தம்பி, சொதிக்கு இஞ்சிப் பச்சடியைத் தொட்டுத்தான சாப்பிடுவாங்க? நீங்க உள்ள வச்சு அடைக்கீங்களே."

சௌந்தரபாண்டியனின் குரல் கெஞ்சலாகத்தான் வந்தது. அடுப்படியில் நின்ற லிங்கேஷ் கண்டுகொள்ளவே இல்லை. மசித்த உருளைக்கிழங்கை உருட்டி, விரலால் குழித்து, கெட்டியாக வதக்கிய இஞ்சிப் பச்சடியைத் துளி வைத்து மூடினான்.

"இதைப் பொரிச்சு சொதியில மிதக்க விடப்போறேன். சொதி, கிழங்கு, பச்சடி மூணும் ஒரே வாயில வந்துரும்."

"எல்லாம் சரிதான். ஆனா இன்னைக்குப் போயி..."

அவர் கவலை அவருக்கு. நேற்றுத்தான் மகள் கழுத்தில் தாலி ஏறியது. இன்று மாப்பிள்ளைக்கு மறுவீட்டுச் சொதி விருந்து. மாப்பிள்ளையின் பெரியப்பா தங்கப்பழமோ சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்த மனிதர். நிச்சயதார்த்தத்தன்று ரசத்தில் பெருங்காயம் பத்தவில்லை என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னவர். சொதிகூட ஒழுங்காக வைக்கத் தெரியாத வீட்டுப் பெண் என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டால், மகள் ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பொன்செல்வி கணவரைப் புறவாசலுக்கு இழுத்துப் போனாள்.

"நேத்து சரின்னு தலையை ஆட்டிட்டு, இப்ப அடுப்பைச் சுத்திச் சுத்தி வாரீங்களே."

"அவ்வளவு ஆசையா கேக்கும்போது எப்படிட்டி முடியாதுன்னு சொல்ல? எப்பவும் போல செல்வமணியையே சமைக்கச் சொல்லியிருக்கலாம்."

"வாசனையைப் பாருங்க. செல்வமணி வச்சா இப்படியா வரும்?"

அது என்னவோ உண்மைதான். கொதிக்கும் சொதியின் தேங்காய்ப்பால் வாசனை தெருமுனை வரை போயிருந்தது.

வாசுதேவநல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் வந்து நின்றது. தங்கப்பழம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொதியைக் கொஞ்சம் கொண்டாரும்வே. இலையில விழுமுன்ன நான் ஒரு வாய் பாக்கணும்."

சௌந்தரபாண்டியன் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினார். தங்கப்பழம் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது என்னவே, போண்டா மிதக்கு?"

"ஒரு புது மாதிரி, அண்ணாச்சி."

"சொதியில என்னவே புதுசு வேண்டிக் கெடக்கு?"

முகத்தைச் சுளித்துக்கொண்டே ஓர் உருண்டையைக் கடித்தார். மொறுக்கென்று உடைந்தது. இன்னொன்றை எடுத்தார். கிண்ணத்தை வாயில் வைத்து மிச்சத்தையும் குடித்தார்.

"எங்க அம்மை சொதி வச்சா, பச்சடியை மொதல்லயே வழிச்சுத் தின்னுருவேன். பொறவு வெறும் சொதிதான் மிஞ்சும். இதுல கடிக்கக் கடிக்க இஞ்சி வருதுவே." அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ருசி அம்மை வச்ச அதே ருசி. ஆனா இப்படிச் செய்யலாம்னு இத்தனை வருசமா ஒருத்தருக்கும் தோணலியே. உம்ம வீட்டுல பொண்ணு எடுத்தது எங்க பாக்கியம்வே."

சௌந்தரபாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாருவே சமையக்காரன்? மகராசன் கையில ஒரு மோதிரம் போடணும். கூப்பிடும் அவனை."

சௌந்தரபாண்டியனுக்கு நிஜமாகவே வேர்த்தது இப்போதுதான்.

"அது... இருக்கட்டும் அண்ணாச்சி. பொறவு பாத்துக்கிடலாம்."

"இப்பவே பாக்கணும்வே."

அதற்குள் பேச்சுச் சத்தம் கேட்டு லிங்கேஷே துண்டில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தான். தங்கப்பழம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏலே, நீயா? மறுவீட்டுக்கு வந்த புள்ளையையா அடுப்படியில விட்டாங்க?"

"மாப்பிள்ளைக்கு என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு மாமா சொன்னாங்க, பெரியப்பா. நான் அடுப்படியைக் கேட்டேன்."