வெள்ளிக்கிழமைப் பூ

என் மனைவி முத்துமாரி செல்போனில் ஒரு தொடர்கதை எழுதுகிறாள். காரைக்குடியில் மனிதர்களோடு மனிதர்களாகக் குடியிருக்கும் தேவர்களையும் அசுரர்களையும் பற்றிய கதை. அதில் ஒரு தேவன் வருகிறான். அவன் வாங்கித் தரும் பூ வாடுவதே இல்லையாம். அசுரன் வரும் பகுதிகளைத் தள்ளிவிட்டு, இவன் வரும் இடங்களை மட்டும் தேடித் தேடிப் படிப்பேன்.

"இவன் யாரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கதையில வாரவரு. எதுக்கு இப்படிக் கேக்குறீக?"

வாரவராம். என்னைப் பற்றிப் பேசும்போதுகூட அவள் குரல் அப்படிக் குழைந்ததில்லை.

"அடுத்த வாரம் அவனக் கொன்னுரு."

"அவரு எப்படிங்க சாவாரு? தேவருல்ல."

வெள்ளிக்கிழமை, அமராவதிபுதூரில் டைல்ஸ் வேலை முடிந்து திரும்பும்போது பூக்கடையில் வண்டியை நிறுத்தினேன். அப்போதுதான் கட்டிய மல்லிகை. பூக்காரம்மா தண்ணீர் தெளித்து வாழையிலையில் மடித்துத் தந்தார். வாசம் வீடு வரை கூடவே வந்தது.

அடுப்படியில் முத்துமாரி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் பொட்டலத்தைப் பிரித்தேன். இலை பச்சையாக, ஈரமாக இருந்தது. உள்ளே பூ முழுவதும் கருகிச் சுருண்டிருந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"அசுரன் வார பகுதிய நீங்க படிக்கவே இல்லியா?" என்றாள்.

தோசையைத் திருப்பிப் போட அந்தப் பக்கம் திரும்பினாள். அவள் பின்னலில் நான் வாங்கித் தராத மல்லிகைச் சரம் இருந்தது. நடுவில் ஒற்றைக் கனகாம்பரம் வைத்துக் கட்டியது. போன வெள்ளிக்கிழமையும் அதைத்தான் வைத்திருந்தாள்.

அதன் மொட்டுகள் இன்னும் விரியவில்லை.