பாதாளச் சிறையும் ஓர் ஈசலும்

ஐப்பசி அடைமழை சற்று ஓய்ந்திருந்த ஒரு மாலை நான்கு மணிக்கு, வாடகை நூலகத்தின் ஜன்னலோரம் நடந்தது இது. வாசகர்களின் தோளுக்கு மேலிருந்தே சரித்திர நாவல்களைப் படித்துத் தேர்ந்த சுவர்ப்பல்லி அங்கே கதை சொல்லும். சிட்டுக்குருவியும் மைனாவும் கேட்டுவிட்டு ஆளுக்கோர் ஈசல் தரும். பூனையிடம் வாலைப் பறிகொடுத்து, வேட்டைக்குப் போக முடியாதிருந்த பல்லிக்கு அதுதான் சாப்பாடு.

அன்றைய கதையில் இளவரசன், தான் காதலித்த இளவரசியையே பாதாளச் சிறையில் அடைத்தான்.

"சீச்சீ! காதல் கதை என்றுதானே அழைத்தீர், பல்லியாரே?" என்று குருவி இறகைச் சிலிர்த்தது. "இவனுக்கா அவள் மாலையிடப் போகிறாள்?"

"அரண்மனை என்றால் சிறையும் இருக்கத்தான் செய்யும். சும்மா கேளம்மா," என்றது மைனா.

"அவளை வெளியே விடாவிட்டால் நாளை முதல் நான் வரமாட்டேன்!"

பாதிச் சாப்பாடு பறந்துபோவதைக் கண்ட பல்லி, அவசரமாகச் சிறையைத் திறந்து, இளவரசனை அழவைத்து, அதே மூச்சில் திருமணத்தையும் முடித்துவிட்டது. குருவி மெச்சி ஓர் ஈசல் தந்தது. "இதற்கு ஈசல் வேறா?" என்ற மைனா, கொண்டுவந்ததைத் தானே விழுங்கிவிட்டுப் பறந்தது.

மறுநாள் விடிந்ததும் குருவி தனியாக வந்தது.

"உண்மையில் அந்தச் சிறையில் என்னதான் நடந்தது?"

"உங்களுக்குத்தான் பிடிக்காதே?"

"பிடிக்காதுதான். முழுக்கக் கேட்டால்தானே முறையாகத் திட்ட முடியும்? விலங்கு பூட்டிய இடத்திலிருந்து நிதானமாகச் சொல்லும்."

கதை முடிந்ததும், கண்டனத்தோடு இரண்டு ஈசல் தந்தது குருவி. மைனா தன் பாக்கியை அன்று நண்பகலில் செலுத்தியது, இளவரசியின் முகூர்த்தப் புடவை என்ன நிறம் என்று கேட்டறிந்த பிறகு.